அண்ணன் விழுந்த மலைக்கு

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டில் மலைக்குப் போகத் திட்டம் போட்டார்கள். மாசி மாதம் முழுக்க அதே பேச்சு. முந்திய ஆனியில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு நாளில், என் அண்ணன் அந்த மலையிலிருந்துதான் விழுந்து இறந்தான். அதற்கப்புறம் நாங்கள் எங்கேயும் போனதில்லை. அதனால் மலைக்குப் போகப்போகிறோம் என்றதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை வெளியே காட்டக் கூடாது என்கிற அளவுக்கு மட்டும் விவரம் இருந்தது.

நாங்கள் இருந்தது விக்கிரமசிங்கபுரத்தில். அப்பா மில்லிலிருந்து வரும் நேரத்துக்கு அண்ணனின் கல்லூரிக் கூட்டாளி வந்துவிடுவார். அன்றைக்கு அவனோடு மலைக்குப் போனவர் அவர் ஒருவர்தான். வழி சொல்வதற்காக அப்பா அவரைக் கூப்பிட்டிருந்தார். பாபநாசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டுத் தடத்தில் ஒரு குன்றைத் தாண்டினால் பின்னால் அந்த மலை. உச்சிக்கு முன்னால், இரண்டு பக்கமும் சரிந்துபோகும் ஒடுக்கமான பாறை. வயல் வரப்பு மாதிரி இருப்பதால் அதற்கு வரப்பு என்றே பெயர். அங்கே நடக்க முடியாது. கையையும் காலையும் ஊன்றித்தான் போகவேண்டும்.

அப்பாவுக்கு அந்த இடத்தைத் தாண்டிப் பேச்சு நகராது.

"இங்கன கையை எங்க ஊனணும்லே?"

"வலது பக்கம் ஒரு வெடிப்பு இருக்கு மாமா. அதுல விரலைக் கொடுத்துக்கிடலாம்."

"அவன் அதுல கொடுத்தானா?"

"நான் முன்னால போயிட்டேன் மாமா. சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஆளைக் காணல."

"கடைசியா எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தான்?"

"தெரியல மாமா."

மறுநாளும் அப்பா அதையே கேட்பார். அவரும் தலையைக் குனிந்துகொண்டு அதையே சொல்வார். நாங்கள் யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று அப்பா இவ்வளவு கவனமாகத் திட்டம் போடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா அடுப்படியை விட்டு வரமாட்டாள். ஒரு நாள் மட்டும் கதவருகில் வந்து நின்று, "சேலையோட அதுல ஏற முடியுமாலே?" என்று கேட்டாள்.

"கால் தடுக்கும் அத்தை."

"நீ எதுக்கு?" என்றார் அப்பா. அம்மா அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

கடைசியில் முடிவானது இதுதான்: அம்மாவும் நானும் வரப்புக்குக் கீழே இருந்துகொள்வது, அப்பாவும் அவரும் மேலே போய்வருவது.

கிளம்பிய அன்று விடிகாலையில் அம்மா அண்ணனின் டிராக் பேண்ட்டைப் போட்டு, அதன் மேல் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா பார்த்துவிட்டு, புளியோதரைத் தூக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பாபநாசத்தில் இறங்கிக் குன்றைத் தாண்டினோம். வெயில் ஏறியபோது வரப்பு தொடங்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். இத்தனை நாளும் ஒவ்வொரு பிடியாகக் கேட்டு வைத்திருந்த அப்பா, பாறையில் ஒரு கையை வைத்தார். அதற்குமேல் போகவில்லை. அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அண்ணனின் கூட்டாளியும் நகரவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அவர் பக்கத்திலேயே குந்திக்கொண்டார்.

அம்மா என் கையை விட்டாள். "அப்பாகிட்ட இரு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வரப்பில் ஏறினாள். வலது பக்க வெடிப்பில் விரலைக் கொடுத்தாள். அடுப்படியில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"பைய, அத்தை" என்ற கூட்டாளியின் குரல் மட்டும் கேட்டது. அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை.

நடுவில் ஓரிடத்தில் அம்மா உட்கார்ந்தாள். பாறையைத் தடவினாள். கீழே பார்த்தாள். பிறகு வெகுநேரம் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் அவள் சேலை படபடத்தது. அவளும் விழுந்துவிடுவாள் என்று பயந்து நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வந்த வழியே தவழ்ந்து திரும்பினாள். உள்ளங்கை இரண்டும் சிராய்த்திருந்தன. அப்பாவின் எதிரே உட்கார்ந்து, மூச்சு அடங்கியபின் சொன்னாள்:

"அங்கன இருந்து பாத்தா நம்ம வீடு தெரியுது. மாடில துணி காயுததுகூடத் தெரியுது. நம்ம வீட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கான்."

அப்பா நிமிர்ந்தார். "வீடு தெரியுதா?"

"தெரியும்லா, என்னலே?" என்று அம்மா அண்ணனின் கூட்டாளியைப் பார்த்தாள்.

அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா மாமா. நல்லாத் தெரியும்" என்றார். சொல்லி முடிக்குமுன் அழத் தொடங்கிவிட்டார். அப்பா அவர் தோளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். வீடு தெரிவதற்கு ஏன் அழவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

அதன்பிறகு அவர் எப்போதாவதுதான் வீட்டுக்கு வந்தார். வரும்போது அப்பா அவரிடம் வேலை கிடைத்ததா என்று கேட்பார். மலையைப் பற்றிக் கேட்கமாட்டார்.

திரும்பி வந்த மறுநாள் நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்து வீடு தெரிந்தால் இங்கிருந்து வரப்பும் தெரியவேண்டும் அல்லவா? முன்னால் இருக்கும் குன்றுதான் தெரிந்தது. பின்னால் இருப்பது எதுவும் தெரியவில்லை. கைப்பிடிச் சுவரில் ஏறப்போனேன். துணி எடுக்க வந்த அம்மா என்னைப் பிடித்து இறக்கினாள்.

"வரப்பைக் காணோம்மா. அப்பாகிட்டக் கேக்கட்டுமா?"

"கேக்காண்டாம்" என்றாள். பிறகு என் தலைமேல் கையை வைத்தாள். "உனக்கு இன்னும் உயரம் பத்தல. வளந்தாத் தெரியும்."

நான் அதை நம்பினேன். அந்த வருஷம் முழுக்க, யாரிடமும் சொல்லாமல், வளர்வதற்காகக் காத்திருந்தேன்.