கூடுதலாக ஓர் அடி

இன்று மாலை, ஐம்பதுகளில் பதிவான இங்கிலாந்து ஜாஸ் குழு ஒன்றின் இசையைக் கைப்பேசியில் கேட்டேன்.

அந்நாட்டு டிரம்ஸ் கலைஞர்களை நான் மதிக்கக் காரணம் ஒன்று: பதினைந்து பேர் கொண்ட குழுவைத் தாங்கி நடத்திவிட்டு, உரிய இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

என் கணவருக்கு அது வராது. இலங்கையின் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில், காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போக ஆள் கூப்பிடும் தப்பு மேளத்தைக் கேட்டு வளர்ந்தவர். அறுபதுகளில், வானொலியில் இதே இசை முடிந்ததும், மேசையில் கூடுதலாக ஓர் அடி தட்டுவார். தவறு என்பேன்; அதுதான் சரி என்பார்.

இன்றும் இசை நின்றது. மேசையில் ஓர் அடி விழுந்தது.

பால் கொண்டுவந்த மேரி வாசலிலேயே நின்றுவிட்டாள். "யாருங்க டீச்சர் தட்டுறது? வீட்டுல நீங்க மட்டுந்தானே?"

மறுபடியும் போட்டேன். மறுபடியும் தட்டினார்.

அவர் இறந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன.

இசையைக் கீழே இணைத்திருக்கிறேன். கடைசியில் எத்தனை அடி என்று எண்ணி எழுதுங்கள். இறந்தவரிடம் தோற்க எனக்கு விருப்பமில்லை.