பெயிண்ட் படாத ஓரடி

அதுவரை லாரியை நான் முழுசாகத்தான் பார்த்திருந்தேன். கேபினைக் கழற்றி, பின்பக்க பாடியைக் கழற்றி, இன்ஜினைத் தூக்கி ஓரமாக வைத்த பிறகு மிச்சமிருந்ததைப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டேன். நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள், நடுவில் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். பெரிய ஏணியைப் படுக்க வைத்ததுபோல இருந்தது. அதற்குப் பெயர்தான் சேஸ். லாரியின் மொத்தச் சுமையும் இதன் மேல்தான் உட்காருகிறது என்று பெயிண்டர் அண்ணன் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அது எங்கள் சொந்த லாரி. என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். விழுப்புரத்தில் ஒரு மரவாடிக்குப் பின்னால் மூன்று மழைக்காலம் நனைந்து கிடந்த பழைய வண்டியை ஒருநாள் வாங்கிவிட்டு வந்து, “நம்மளுது” என்றார். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக இரண்டே பேர். அதனால் ‘நம்மளுது’ என்று சொல்லிக்கொள்ள ஒரு லாரி வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான்.

திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் ஒரு ஷெட்டில் வண்டியை விட்டோம். ரோட்டில் ஓடத் தகுதியான வண்டிதான் என்று எஃப்.சி. வாங்க ஒரு தேதி குறித்தாகிவிட்டது. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அவரோ வேறொருவர் லாரியில் நாக்பூர் பக்கம் லோடு அடித்துக்கொண்டிருந்தார். ஆகவே மேற்பார்வை என் தலையில் விழுந்தது. காலையில் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் அடுத்தவர்களின் மனுக்களை டைப் அடிப்பேன். ஒரு மணிக்கு பஸ் பிடித்துத் திண்டிவனம் போய்விடுவேன்.

கேள்வி கேட்காமல் என்னால் ஓரிடத்தில் சும்மா நிற்க முடியாது. முதல் நாளே பெயிண்டர் அண்ணன் சலித்துக்கொண்டார். “இன்னாம்மா, ஆர்.டி.ஓ.வே இவ்ளோ கேக்க மாட்டாரு.” ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. பேசும்போதும் கை நிற்காது. அதனால் நானும் நிறுத்தவில்லை.

சேஸின் முன்பாதியைச் சுத்தம் செய்ய மட்டும் ஒரு வாரம் ஆனது. பட்டித் தகட்டால் சுரண்டச் சுரண்ட கிரீஸும் தாரும் கட்டிப்போன சிமெண்டும் உதிர்ந்தன. ஒரு குறுக்குச் சட்டத்தின் மடிப்பிலிருந்து ஒரு கை மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல், வந்தது. எந்த ஊர் மல்லாட்டை, எந்த வருஷத்து லோடு என்று யாருக்குத் தெரியும்! டீசல் ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரை ஓட்டியபோது கறுப்புக்குக் கீழே நீலம் வந்தது, நீலத்துக்குக் கீழே இன்னொரு கறுப்பு, கடைசியில் பளபளவென்று இரும்பு. அந்தப் பளபளப்பை நான் கையால் தடவிப் பார்த்தேன். அண்ணன் கத்தினார்.

“கைய வெக்காதீங்கம்மா! கை ஈரம் பட்டா நாளைக்கே அந்த எடத்துல துரு வந்துக்கினு நிக்கும்.”

நான் நம்பவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஓரத்தில் ஒரே ஒரு விரலை வைத்து அழுத்தினேன். அன்று இருட்டிவிட்டதால் அந்த ஓரம் மட்டும் பெயிண்ட் அடிக்காமல் நின்றுபோனது, மறுநாள் போய்ப் பார்த்தால் என் விரல் ரேகை செம்பழுப்பாக அங்கே பதிந்திருந்தது. வாயைத் திறக்காமல் உப்புத்தாள் எடுத்துத் தேய்த்துவிட்டேன்.

சுத்தம் செய்த அன்றே, துரு ஏறாமல் இருக்க, ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். சிவப்பு காய்ந்த பிறகுதான் மேலே கறுப்பு. சேஸ் முழுக்க ஒரே ஓர் இடத்தை மட்டும் அவர் வேறு மாதிரி நடத்தினார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், வலது சட்டத்தில், சேஸ் நம்பர் குத்தியிருந்த இடம். அங்கே கிரைண்டர் போகவில்லை. துணியால் துடைத்து, டேப் ஒட்டி மூடி வைத்தார். எழுத்துப் பள்ளத்தில் பெயிண்ட் அடைத்துக்கொண்டால் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுக்க முடியாதாம். நம்பர் தெளிவாக இல்லையென்றால் வண்டி நம்முடையது என்று நம்மாலேயே சொல்ல முடியாதாம்.

முன்பாதி முடிந்தது. பின்பாதியில் ஒரு குறுக்குச் சட்டத்தைத் துரு தின்றே விட்டிருந்தது. சுத்தியலால் தட்டினால் மற்றதெல்லாம் ‘டங்’ என்றது, அது ‘தொப்’ என்றது. புதுசு செய்து வந்து ரிவிட் அடிக்கிற வரைக்கும் பின்பாதி அப்படியே கிடக்க வேண்டியதாயிற்று. நடுவில் அமாவாசை வேறு. அண்ணன் மேல்மலையனூர் கோயிலுக்குப் போனால் மூன்று நாளைக்குத் திண்டிவனத்தில் ஆளைப் பார்க்க முடியாது.

அந்த நாட்களில்தான் குளவி வந்தது. கறுப்பும் மஞ்சளுமாக, இடுப்பு என்று ஒன்று இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி மெலிந்த குளவி. வண்டி கழுவுகிற தண்ணீர் தேங்கிய இடத்தில் உட்கார்ந்து ஈர மண்ணை உருட்டும். உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்து இடது சட்டத்தின் உட்பக்க மூலையில் ஒட்டும். ஒட்டும்போது மட்டும் ஒரு தனி ரீங்காரம். நான் லாரிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு கணக்கெடுத்தேன், ஒரு மணி நேரத்தில் பதினேழு நடை. அந்த மூலையை அது எப்படித் தேர்ந்தெடுத்தது? வெயிலா, காற்றா? போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். ‘நம்ம வண்டிக்கு மொத பாசஞ்சர்’ என்று கீழே எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அவர் பதில் எப்போதும் கட்டைவிரல்தான்.

மேல்மலையனூரிலிருந்து திரும்பிய அண்ணனிடம் காட்டினேன். “குளவி கூடு கட்னா நல்லதும்மா” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். உடனே பிரஷ்ஷைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். கூட்டைக் கலைக்கக் கூடாது, தானாகப் பறந்து போக வேண்டும். பதினோரு வருஷத்தில் எனக்கு இப்படி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியாகிவிட்டது. எந்தக் கோயில், எந்த டாக்டர், எந்தக் கிழமை என்ன சாப்பிட வேண்டும் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கூடச் சொன்னார். சொல்லாத ஒரே ஆள் என் வீட்டுக்காரர். டாக்டரிடம் போய்வந்த ஒருநாள், “இருந்தா இருக்கட்டும், இல்லன்னா நீ இருக்கறே இல்ல” என்றார். அதோடு சரி. அவருக்கு அந்த ஏக்கமே இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். அதில் எனக்குப் பெரிய நிம்மதி, கொஞ்சம் பெருமையும்கூட.

குறுக்குச் சட்டம் வந்து ரிவிட்டும் அடித்தாகிவிட்டது. கடையில் வேலை அதிகம், நான்கு நாள் என்னால் போக முடியவில்லை. ஐந்தாம் நாள் போனபோது பின்பாதி முழுக்கச் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. இடது சட்டத்தின் உட்பக்கத்தில் மட்டும் ஓரடிக்கு ஒன்றுமே அடிக்கவில்லை. பழைய அழுக்கோடு அப்படியே இருந்தது.

“இங்க ஏண்ணே விட்டுட்டீங்க?”

“அதுவா… அது நம்பர் இருக்கற எடம்மா.”

“நம்பர் முன்னாடி இல்ல இருக்குது? நீங்கதானே டேப் ஒட்டுனீங்க?”

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “டீ வாங்கிக்கினு வர்றேன்” என்று கிளம்பிவிட்டார்.

குனிந்து உள்ளே போனின் டார்ச்சை அடித்தேன். கூடு இப்போது என் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தது. அதைச் சுற்றித் தட்டு விளிம்புபோலச் சிவப்பு நின்றிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாளை மறுநாள் பாடி ஏற்ற ஆட்கள் வருகிறார்கள், வானத்தில் மழை முட்டிக்கொண்டு நிற்கிறது, இவர் என்னடா என்றால் எனக்குப் பிள்ளை வரம் வாங்கித் தருகிறார்! விழுப்புரத்துக்குத் தெரிந்தது போதாதென்று இனித் திண்டிவனம் முழுக்க என் கதை ஓடும். பட்டித் தகட்டை எடுத்தேன்.

ஆனால் உடனே சுரண்டிவிடவில்லை. உள்ளே என்னதான் இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. ஓரத்து அறையின் மண்மூடியை மெல்லப் பெயர்த்தேன். உள்ளே சிலந்திகள். பச்சையும் பழுப்புமாகப் பத்துப் பன்னிரண்டு குட்டிச் சிலந்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. செத்தவை என்று நினைத்தேன். தகட்டின் முனையால் தொட்டபோது ஒன்று காலை லேசாக மடக்கியது. உயிர் இருக்கிறது, ஓடத்தான் முடியவில்லை. அவற்றின் நடுவே வெள்ளையாக ஒரு புழு, அரிசி அளவு, ஒரு சிலந்தியைத் தின்றுகொண்டிருந்தது. கெட்டுப்போகாத சாப்பாட்டைப் பிள்ளைக்குக் கட்டிவைத்துவிட்டுத் தாய் போயிருக்கிறது. அடுத்த அறையைத் திறந்தேன். அங்கே சிலந்தி இல்லை, புழு பழுப்புக் காகிதம் மாதிரி ஒரு உறையைச் சுற்றிக்கொண்டு தூங்கியது. இந்தப் பேரன்பும் இந்தக் கொடுமையும் எப்படி ஒரே மண்ணுக்குள் இருக்கின்றன என்று கொஞ்ச நேரம் கோபத்தையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ரோட்டில் ஏதோ ஹாரன் அடித்தது. கோபம் திரும்பி வந்தது. நான்கே இழுப்பு. கூடு மொத்தமும் சாக்கின் மேல் விழுந்தது.

அண்ணன் இரண்டு டீயோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “என்னம்மா பண்ணிட்டீங்க!”

“உங்க நம்பிக்கைய உங்க வீட்டோட வெச்சிக்குங்கண்ணே. எனக்காக யாரும் கூடு காக்க வேணாம்.”

“நான் எங்கம்மா காத்தேன்? அன்னிக்கு வாய் தவறி ஒரு வார்த்த சொன்னேன், அவ்ளோதான். நான் பெயிண்ட் அடிக்கறவன், குளவி கூடு எத்தினியோ சொரண்டியிருக்கேன். உங்க வீட்டுக்காரருதான் போன் பண்ணாரு. ‘அந்த எடத்த மட்டும் வுட்டுடுங்கண்ணே, அவளாண்ட சொல்லாதீங்க’ன்னாரு. தெனமும் சாயங்காலம் பண்றாரும்மா. ‘பறந்துடுச்சா, பறந்துடுச்சா’ன்னு அதான் கேக்கறாரு. பெயிண்ட பத்தி ஒரு வார்த்த கேக்கல.”

டீயை வாங்கிக் கீழே வைத்தேன். சாக்கின் மேல் கிடந்த மண்ணை ஒன்றுசேர்க்க முடியுமா என்று கை தானாகப் பார்த்தது. முடியவில்லை. பதினோரு வருஷம் பக்கத்தில் படுத்திருந்த மனுஷனின் மனசை நாக்பூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஓடிய ஒரு போன்கால்தான் எனக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஊரில் எல்லாரையும் கேள்வி கேட்ட நான் அவரை ஒரே ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அழுதேன். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி பிரஷ்ஷைக் கழுவினார்.

“இன்னிக்கு போன் பண்ணா இன்னா சொல்றதும்மா?”

“என்னைய கேக்கச் சொல்லுங்க.”

அந்த ஓரடியை நானே தேய்த்தேன். உப்புத்தாள் போட்டு, தின்னர் துணியால் துடைத்து, விரல் படாமல், ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்தேன். மறுநாள் சேஸ் முழுக்கக் கறுப்பு ஏறியது. வீட்டுக்காரர் தினமும் போனில் என்னுடன் பேசினார். லோடு, மழை, டோல்கேட்டில் நின்ற வரிசை எல்லாம் சொன்னார். அதை மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பாடி ஏற்றுகிற ஆட்கள் மழையால் இரண்டு நாள் தள்ளி வந்தார்கள். அதற்குள் அவரே வந்து சேர்ந்தார். ஷெட்டுக்குள் நுழைந்தவர் கேபினைப் பார்க்கவில்லை, இன்ஜினைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், இடது சட்டத்தின் கீழே குந்தி உட்கார்ந்தார். உள்ளே கையை விட்டு, பெயிண்டின் மேல் விரலை மெல்ல ஓட்டினார். எல்லா இடத்தையும்போல அதுவும் வழுவழுவென்றுதான் இருந்திருக்கும். உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. “பறந்துடுச்சா?” என்றார்.

“பறந்துடுச்சு” என்றேன்.

“எத்தினி?”

“ரெண்டு.”

அண்ணன் டின்னை மூடிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. வீட்டுக்காரர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொள்ளத் துணி தேடினார். என் புடவைத் தலைப்பை நீட்டினேன். துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“ரெண்டா?” என்றார். “நான் ஒன்னு போதும்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்.”