நாலு தண்ணியில் கழுவிய கம்பு

எனக்குக் குருவிகள் மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது. கொடியில் காயும் சேலையில் எச்சம் போடும், ஞாயிற்றுக்கிழமை கூடத் தூங்க விடாது. அவற்றுக்கு இரை வைப்பது அப்பாவின் வேலை. வந்தவற்றைக் கேலி செய்வது அம்மாவின் வேலை. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு கொய்யாமரம் உண்டு. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, பழைய முறம் ஒன்றை நூல்கயிற்றால் அதில் கட்டித் தொங்கவிட்டு, தினமும் காலையில் அரிசிக் குருணை போடுவார். கூட்டமாக வந்து சண்டை பிடிக்கும் தவிட்டுக்குருவிகளை அம்மா, "உங்கப்பா வீட்டு ஆளுக வந்துட்டாக" என்பாள். அப்பா கேட்காத மாதிரி இருந்துகொள்வார்.

போன தை மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. "பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க, ஒண்ணு ரெண்டு வார்த்தை திரும்பலாம்" என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். திரும்பியது ஒரே வார்த்தைதான். காலையில் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால், முதல் சிட்டுக்குருவி முறத்தில் இறங்கியதும், "வந்துட்டு" என்பாள். பால்காரர் வந்தாலும் அதுதான், நான் வேலைக்குக் கிளம்பினாலும் அதுதான். வாய் ஓயாமல் பேசிய மனுஷி. கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலும் வரும், அழுகையும் வரும்.

பங்குனியில் வேம்பு பூத்தது. வெயில் காய்ச்ச ஆரம்பித்ததும் மலைப்பக்கத்துக் குருவிகள் தண்ணீர் தேடி ஊருக்குள் வந்தன. அப்பாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"குருணைக்கு இந்தச் சிட்டும் தவிட்டுக்குருவியும்தான் வரும். கம்பு வச்சா தினைக்குருவி வரும். புதுக் குருவி வந்தா அவளுக்குப் புது வார்த்தை வரும்லா?"

பக்கத்து ஊரான தேவதானத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அங்கே விதைத்தது போக மிச்சமான கம்பு, பாதிப் பாக்கெட், பரணில் கிடந்தது. கடையில் வாங்கிய விதை. பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றி, ரோஸ் நிறத்தில் இருக்கும்.

"எப்பா, அது மருந்து விதைல்லா?" என்றேன்.

"மருந்து மேலாப்புலதான் இருக்கும். நாலு தண்ணியில கழுவுனா போயிரும். அம்புட்டுத் தானியத்தையும் குப்பையில கொட்டச் சொல்லுதியா?"

சிந்திய பருக்கையைக்கூடப் பொறுக்கித் தட்டில் போடுகிற வீடு எங்களுடையது. அப்பா பிடித்தால் பிடித்ததுதான். பின்வாசல் குழாயடியில், அம்மா பார்த்துக்கொண்டிருக்க, குண்டானில் போட்டு அலசினார். முதல் தண்ணீர் ரோஸாக ஓடியது. நாலாவது தண்ணீர் தெளிந்திருந்தது. "பாத்தியாட்டி, பளிச்சுன்னு ஆயிட்டு" என்று குண்டானைச் சாய்த்து அம்மாவிடம் காட்டினார்.

மறுநாள் காலையில் தினைக்குருவிகள் வந்தே விட்டன. கட்டைவிரல் பருமன், வயிற்றில் வெள்ளைப் புள்ளிகள். முறம் ஆட ஆடத் தின்றன. அம்மா இடது கையை நீட்டினாள். உதடு கோணியது.

"தெ... தெனக்குருவி."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். பிறகு அவர் எழுந்து ஓடிப்போய் இன்னும் ஒரு கை கம்பு அள்ளிப் போட்டார். நான் ஆபீசுக்கு லீவு சொன்னேன். அம்மா அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அப்பா, "ஆமாட்டி, தெனக்குருவிதான்" என்றார். கல்யாண வீடு மாதிரி இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் முதல் குருவி விழுந்தது. மரத்தடியில் ஒரு பக்க இறக்கையை மட்டும் அடித்துக்கொண்டு வட்டமடித்தது. அடுத்து இரண்டு விழுந்தன. அப்புறம் அம்மாவின் கேலிக்கு ஆளான தவிட்டுக்குருவிகளில் ஒன்று. அப்பா ஓடி ஓடி அலகில் தண்ணீர் விட்டுப் பார்த்தார். ஒன்றும் பிழைக்கவில்லை. நான் கயிற்றை அறுத்து முறத்தைக் கீழே போட்டுவிட்டு, "சொன்னேன்லா? அப்பமே சொன்னேன்லா?" என்று கத்தினேன். நாற்காலியை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா குழாயடியையும் மரத்தடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா விளக்குமாற்றைத் தொடவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, சுவரோரம் குழி தோண்டிப் புதைத்தார்.

மத்தியானம் கஞ்சி கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அம்மாவுக்கு ஊட்டுவது அவர்தான். நான் ஊட்டினால் பாதிதான் குடிப்பாள். அன்று அவர் ஸ்பூனை நீட்டியதும் அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவர் மறுபடியும் நீட்டினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். நான் கிண்ணத்தை வாங்கி ஊட்டினேன், கிண்ணம் காலியாகும்வரை குடித்தாள்.

அப்பா எழுந்து குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்தார். திரும்பி வந்து அம்மா முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஈரம் சொட்டும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"கழுவிட்டேன்ட்டி" என்றார். "நாலு தண்ணியில கழுவிட்டேன்."

அம்மா திரும்பவில்லை. இப்போதும் மூன்று வேளையும் அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்கிறார். ஊட்டுவது நான்தான்.