சம்பந்தி வீட்டுப் பரண்

யாங்கோனில் தாகேதா பக்கம் இருக்கும் என் தங்கை, அதே ஊரில் போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் நான் வைத்திருக்கும் கயிறு, தார்ப்பாய்க் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அழுதால் விஷயம் சின்னது. தொடாமல் அழுதால் பெரியது. அன்று டீ ஆடை கட்டிப்போனது.

அவளுடைய மகள் சீனர்கள் நடத்தும் தையல் ஆலையில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறாள். அதே ஆலையில் மெஷின் பழுது பார்க்க யுன்னானிலிருந்து வந்திருக்கும் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டாளாம். பையனுக்கு அப்பா கிடையாது. அம்மா மட்டும் எங்கோ மலைக்கிராமத்தில் விவசாயம் பார்க்கிறாள்.

இந்த 'மலைக்கிராமம்' என்கிற சொல்லில்தான் என் தங்கைக்கு மூச்சு அடைத்தது. யாங்கோனில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். வேலை, கல்யாணம் என்று ஆசை காட்டி எல்லை தாண்டிக் கூட்டிப்போன பெண்ணைப் பற்றி. எல்லாக் கதையும் ஒரு மலைக்கிராமத்தில்தான் முடியும். எல்லாக் கதையிலும் முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வார்கள்.

"அண்ணே, இவ அப்பா இருந்திருந்தா அவர் போயிருப்பாரு. இப்ப நீதான் போகணும். நீ வீட்டைப் பார்த்துட்டு சரின்னா சரி. வேணாம்னா, நான் இவ கால்ல விழுந்தாவது நிறுத்திடுறேன்" என்றாள். பாஸ்போர்ட்டை மட்டும் யார் கையிலும் கொடுத்துவிடக் கூடாது என்று என் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தாய்மாமன் தலை என்றால் அவ்வளவு மலிவு.

நான் தைரியசாலி. என் கடையிலிருந்து கூப்பிடு தூரம் வரைக்கும் எனக்குப் பயம் என்பதே தெரியாது. அதைத் தாண்டினால்தான் கொஞ்சம் வியர்க்கும். எனவே உள்பனியனில் ஒரு பை வைத்து, அதற்குள் பாஸ்போர்ட்டைப் போட்டு, படகுப் பாய் தைக்கும் நைலான் நூலால் வாயை இறுக்கித் தைத்துக்கொண்டேன். யாங்கோன் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி கேட்டபோதுதான் அதிலுள்ள சிக்கல் புரிந்தது. கத்தரிக்கோல் கொண்டுபோக அனுமதியில்லாத இடம். பின்னால் வரிசை காத்திருக்க, பையனோடு சேர்ந்து என்கூடப் புறப்பட்டிருந்த தங்கை மகள் என் நெஞ்சில் முகத்தை வைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மாமா ஊருக்குப் போகிறார், பாவம், பிரிய மனமில்லாமல் அழுகிறாள் என்று யாரோ நினைத்திருப்பார்கள்.

குன்மிங்கிலிருந்து ரயில், ரயிலிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி. ரயில் அநியாயத்துக்குச் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். பையன் என் பையை என்னைத் தூக்கவே விடவில்லை. ஆலையில் கற்றுக்கொண்ட பர்மியத்தில் மூச்சுக்கு மூச்சு "ஊலே, ஊலே" என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டான். இவ்வளவு மரியாதையை யாங்கோனில் சீட்டுக் கம்பெனிக்காரன்தான் எனக்குக் கொடுத்திருக்கிறான்.

கிராமம் மலையின் மடியில் அடுக்கடுக்காக வெட்டிய வயல்களுக்கு நடுவே இருந்தது. அறுவடை முடிந்து தண்ணீர் தேக்கியிருந்தார்கள். மண் சுவர், ஓட்டுக் கூரை, இறவாணத்தில் மஞ்சள் மஞ்சளாகத் தொங்கும் சோளக் கதிர்கள். அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு இளம்பெண்ணைக்கூட எங்கும் காணவில்லை. எல்லாரும் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டார்கள் என்றான் பையன். எல்லாக் கிராமத்திலும் அதுதானே நடக்கிறது என்று ஒரு மனம் சொன்னது. போனார்களா, அனுப்பினார்களா என்று இன்னொரு மனம் கேட்டது. எனக்கு எப்போதும் இரண்டாவது மனத்தோடுதான் பழக்கம்.

பையனின் அம்மாவுக்கு ஏறக்குறைய என் வயது. குள்ளம், குளிரில் சிவந்த கன்னம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வாசலுக்கு வந்தவள் எங்களைப் பார்த்துச் சிரிக்கும் முன்னால் ஒரு காரியம் செய்தாள். மகனைத் திருப்பி நிறுத்தி, ஜாக்கெட்டையும் ஸ்வெட்டரையும் தூக்கி, இடுப்பின் இரண்டு பக்கத்தையும் உற்றுப் பார்த்து, தடவி, பிறகு இறக்கி விட்டாள். சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல.

"என்னம்மா பாக்கறாங்க?" என்று கேட்டேன்.

"குளிருதான்னு பாக்கறாங்க, மாமா" என்றாள் தங்கை மகள், என் கண்ணைப் பார்க்காமல்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் நான் கேட்கப்போகும் ஒவ்வொரு சொல்லும் இவள் வாய் வழியாகத்தான் வரவேண்டும். கல்யாணம் செய்துகொள்ளத் துடிப்பவளே மொழிபெயர்ப்பாளர். அந்த அம்மாள் இரண்டு நிமிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். இவள் திரும்பி, "சாப்பிடச் சொல்றாங்க" என்பாள். அதற்குள் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் வந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். தங்கை மகளைப் பார்க்கவில்லை. என்னை. அடுப்புக்கு மேலே புகையில் கறுத்த பன்றித் தொடைகள் தொங்கின. அவற்றுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கேமரா, சிவப்புக் கண்ணைச் சிமிட்டியது. யாங்கோனிலிருந்து போனில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வைத்ததாம். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையாக இருக்கிறானே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் பையன் பணிவாகக் கையை நீட்டினான். "ஊலே, பாஸ்போர்ட்."

வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கினால் கீழே உள்ள போலீஸ் நிலையத்தில் பதிய வேண்டுமாம். நம் ஊரிலும் இரவு விருந்தாளி வந்தால் வார்டு ஆபீஸில் எழுதி வைக்கிற வழக்கம் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. தங்கை மகள் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தே விட்டாள். நானும் கூட வருகிறேன் என்றேன். மோட்டார் சைக்கிளில் பின்னால் உரமூட்டை கட்டியிருந்தது. நாளைக்குப் போகலாமே என்றேன். வந்த அன்றே பதிவதுதான் நல்லது என்றான். விதை கொறிக்கும் சத்தம் நின்றுபோனது. எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். கடைசியில் என் கை தானாகப் பனியனுக்குள் போனது. தங்கைக்குச் செய்த சத்தியம் மலையிறங்கிப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

"யாபாதே, மாமா" என்றாள் அவள். பரவாயில்லை என்பதைத் தமிழில் சொல்லியிருந்தால் கொஞ்சமாவது நம்பியிருப்பேன்.

அதன்பிறகு நான் துப்பறியத் தொடங்கினேன். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றினேன். மாட்டுத் தொழுவத்தில் மாடு. கோழிக்கூட்டில் கோழி. எல்லாம் சந்தேகப்படும்படி இயல்பாக இருந்தன. பின்பக்கம் பரணுக்கு ஏணி இருந்தது, ஏறினேன். சோளம், வால்நட் கொட்டை, மூட்டைகள். ஓரத்தில் நீளமாக ஏதோ ஒன்று, தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தது.

தார்ப்பாயைக் கண்டால் ஓரத்தைத் தூக்கி மடிப்பைத் தடவிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அது தொழில் வியாதி. மட்டமான சரக்கு, கண்ணி இடைவெளி அதிகம், இரண்டு மழைக்குத் தாங்காது என்று முடிவு செய்த பிறகுதான் கீழே இருந்ததைப் பார்த்தேன். கருப்பு வண்ணம் பூசிய சவப்பெட்டி. கனமான மரம். தலைப்பக்கம் சிவப்பில் ஒரு எழுத்து. மூடி ஒரு சாண் விலகியிருந்தது.

முதலில் என் மூளை கேட்ட கேள்வி, இதில் யார்? அடுத்தது, என் உயரத்துக்குச் சரியாக இருக்குமே? பையனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்திருப்பாளோ? எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சவப்பெட்டி இருக்கிறது என்றால் அதற்கு ஆளும் இருக்கிறது. குடியேற ஆளில்லாமல் சும்மா யாரும் வைத்திருப்பதில்லை. உள்ளே பார்ப்பதா, ஓடுவதா என்று கால்கள் பேசித் தீர்மானிப்பதற்குள், தலைக்கு மேலே கூரையிலிருந்து ஒரு குரல் வந்தது. பர்மியத்தில்.

"ஊலே, பார்த்து. அந்தப் பலகை ஆடும்."

பையனின் குரல். அவன் மலைக்குக் கீழே அல்லவா இருக்கிறான்? செத்தவர்களுக்குப் பர்மிய மொழி தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். ஒரு கண நேரம்தான், ஆனால் மனதார நினைத்தேன். பின்னால் ஓர் அடி வைத்தேன். பலகை ஆடியது. சோளக் குவியலில் மல்லாக்க விழுந்தபோது உத்தரத்தில் இன்னொரு கேமரா சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை அம்மா ஏணியிலிருந்து விழுந்த பிறகு வைத்ததாம். போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்தபடியே போனில் மாமனின் துப்பறிதலை முழுதாகப் பார்த்து, கேமரா வழியாகவே எச்சரித்திருக்கிறான்.

சத்தம் கேட்டு அம்மாவும் தங்கை மகளும் ஏறி வந்தார்கள். அந்த அம்மாள் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூடியை ஒரே தள்ளாகத் தள்ளித் திறந்து காட்டினாள். உள்ளே விதைக்கு வைத்திருந்த வால்நட். எலி ஏறாதாம்.

பெட்டி அவளுடையது. அந்த ஊரில் அறுபது நெருங்கினால் பிள்ளைகள் பெட்டி செய்து வைத்துவிட வேண்டும். அது ஆயுளைக் கூட்டும், இல்லாதவர்களுக்குத்தான் அவமானம். மகன் யாங்கோனில் வேலைக்குப் போனதும் முதலில் செய்து கொடுத்தது இதுதான் என்று மரத்தைத் தட்டிக் காட்டினாள். பிறகு எனக்குப் பெட்டி தயாரா என்று விசாரித்தாள். இல்லை என்று தெரிந்ததும் அவள் முகத்தில் வந்த இரக்கத்தை என்னால் மறக்க முடியாது. பிள்ளைகள் கவனிப்பதில்லை போலிருக்கிறது என்றாளாம்.

பொழுது சாயும் நேரத்தில் பையன் திரும்பினான். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே இரண்டு பாஸ்போர்ட்டையும் என் கையில் வைத்தான். திறந்து பார்த்தேன். அதே விகாரமான முகம், என்னுடையதுதான். பரணில் பார்த்ததை நினைத்துச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு அடுப்பையே பார்த்தான்.

அப்போது அவன் அம்மா என்னைப் பார்த்து நீளமாகப் பேசினாள். பையன் இடைமறித்தான். அவள் கையமர்த்திவிட்டுத் தொடர்ந்தாள். தங்கை மகள் திருப்பிச் சொல்லவில்லை.

"முழுசா சொல்லு. சுருக்காதே" என்றேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க நெஜமாவே என் மாமாவான்னு கேக்கறாங்க. பர்மாவுக்குப் போன பையனுங்களைப் பிடிச்சு அடைச்சு வெச்சு, கிட்னிய எடுத்துடறாங்கன்னு ஊரே சொல்லுதாம். வந்ததும் இடுப்பைப் பாத்தாங்கள்ல, அது தழும்பு இருக்கான்னு. பொண்ணைக் காட்டிப் பையனை வளைக்கிற கும்பல்ல, கூடவே மாமான்னு ஒரு ஆளு வருவானாம்."

"யாரு அந்த ஆளு?"

"நீங்கதான் மாமா."

நாற்பது வருடமாக யாரும் என்னை இவ்வளவு பெரிய ஆளாக மதித்ததில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என்ன வியாபாரம் செய்கிறாய் என்று விதை கொறிக்கும் கிழவர் ஒருவர் கேட்டார். கயிறும் தார்ப்பாயும் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டுவதற்கு ஒன்று, சுற்றுவதற்கு ஒன்று.

நிரூபிக்க என்ன வழி? என் அம்மா விட்டுப்போன சொத்து ஒன்றுதான் இருக்கிறது, எங்கள் குடும்ப மூக்கு. நுனியில் உருளைக்கிழங்கு வைத்ததுபோல இருக்கும். தங்கை மகளை அருகில் இழுத்து இரண்டு மூக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பக்கவாட்டில் காட்டினேன். அந்த அம்மாள் எழுந்து வந்து, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, தங்கை மகளின் தாடையைத் திருப்பி, இன்னொரு முறை என்னுடையதைத் திருப்பினாள். அக்கம்பக்கத்தாரும் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அந்த மூக்கை வெறுத்த பெண், அன்று அசையாமல் நின்றாள்.

அந்த அம்மாள் உட்கார்ந்தாள். இந்த முறை மெதுவாக, கொஞ்சமாகத்தான் பேசினாள். தங்கை மகள் திருப்பிச் சொன்னாள். "கல்யாணம் பண்ணிக்கட்டும், யாங்கோன்லயே இருக்கட்டும்கிறாங்க. அந்தப் பெட்டியத் தூக்குற அன்னிக்கு மட்டும் அவரு இங்க உசிரோட நிக்கணுமாம். அதுக்கு யாரு பொறுப்புன்னு கேக்கறாங்க."

தோள் கொடுக்க மகன் வேண்டும் என்பதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. "நான் அனுப்பி வைக்கிறேன்னு சொல்லு. வர லேட்டானா ஒரு பக்கம் நானே தூக்கறேன்னு சொல்லு" என்றேன்.

அவள் எதையும் சுருக்காமல் அப்படியே சொன்னாள் என்று நினைக்கிறேன். அந்த அம்மாள் என் தோளை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவு நம்பிக்கை தெரியவில்லை. இருந்தாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வைத்த தட்டிலிருந்து பெரிய துண்டு இறைச்சியை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தாள்.

வெளியே வந்து, சிக்னல் கிடைக்கும் வால்நட் மரத்தடியில் நின்று தங்கைக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், பரணில் விழுந்ததைத் தவிர. நம்மை ஏமாற்ற நினைப்பவள் இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டாள், தேன் மாதிரிப் பேசி அனுப்பியிருப்பாள். அதனால் நான் சரி சொல்லிவிட்டேன் என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் அந்த அம்மாள் யாங்கோனுக்கு வந்து நம் வீட்டைப் பார்க்க வேண்டுமாம் என்றும் சொன்னேன்.



"எதுக்கு வரா?" என்றாள்.

"நீ எப்படிப்பட்டவள்னு தெரிஞ்சுக்க."

"என்னைப் பத்தி அவளுக்கு என்ன சந்தேகம்? நல்ல பொம்பளையா இருந்தா எதுக்குண்ணே இவ்வளவு சந்தேகப்படறா?"

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு வாய் டீ குடித்தமாதிரி ஒரு சத்தம். வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டாள்.