காஜாக்காரர் வாங்கிய என்லார்ஜர்

தையற்கடையில் அவருக்குப் பெயர் காஜாக்காரர். சட்டைகளில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும்தான் வேலை. அப்படிப்பட்ட மனுஷன், போட்டோவைப் பெரிதாக்குகிற பழைய என்லார்ஜர் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றால் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும்?

"இது என்ன கூத்து?"

"போட்டோவைப் பெருசு பண்றது."

யாருடைய போட்டோ என்று அவள் கேட்கவில்லை. அவர்களுடைய ஒரே மகள் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளைத் தனியாக ஒரு படம் எடுத்து வைக்க இருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளை எங்கே போய்விடப் போகிறாள் என்ற நினைப்புதான். கடை திறந்த அன்று எடுத்த கூட்டப் படத்தில் மட்டும், முதலாளியின் முழங்கைக்குப் பின்னால் எள்ளளவாக நிற்பாள். அதன் நெகட்டிவை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைத்திருந்தார். மகளுடைய கவுனும் அதில் தான் தைத்த பொத்தான்களும் நன்றாக நினைவிருந்தன. முகம்தான் எவ்வளவு முட்டினாலும் நினைவுக்கு வரவில்லை. பெற்றவன் இதை எந்த வாயால் பெண்டாட்டியிடம் சொல்வான்?

என்லார்ஜரை விற்றவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இழுத்தார்.

"பெருசாக்கும்ண்ணே. ஆனா பிலிம்ல இல்லாததைக் கொண்டுவராது."

"அவதான் இருக்காளே," என்றார் காஜாக்காரர்.

குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, சிவப்பு பல்பு மாட்டி, உள்ளே குந்தினார். என்லார்ஜரின் தலையைக் கம்பியின் உச்சிவரை ஏற்றினார். காகிதத்தை மருந்துத் தட்டில் ஆட்ட ஆட்ட, முதலாளியின் முழங்கை வந்தது. கவுன் வந்தது. பொத்தான்கள் வந்தன. கழுத்துக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல்தான் இருந்தது.

தன் கைப்பிழை என்று நினைத்து இன்னொரு காகிதம் போட்டார். அதிலும் அதேதான். பிறகுதான் உறைத்தது. அன்றைக்குப் போட்டோக்காரர் "அசையாதீங்க" என்று சொன்ன நேரம், பிள்ளை குறுக்கே நிற்கிறது என்று யாரோ சொல்ல, கடைக்குள் காஜா எடுத்துக்கொண்டிருந்த இவர்தான் "ஏய், தள்ளி வா" என்று சத்தம் போட்டார். பிள்ளை திரும்பிவிட்டாள். குந்திய இடத்திலேயே வாய்விட்டு அழுதார்.

சத்தம் கேட்டு வந்த பெண்டாட்டி, ஈரப் படத்தைக் கூடத்து விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நீங்க ஒரு குரல் கொடுத்தா போதும், இப்படித்தான் வெடுக்குன்னு திரும்புவா."

அவருக்கு அடக்க முடியவில்லை. "திரும்பும்போது முகம் எப்படி இருக்கும்?"

அவள் படத்தை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"என்னைக் கேட்டா? உங்களைப் பார்த்துத்தானே திரும்புவா."

மகளைக் கூப்பிட்டபோதெல்லாம் காஜாக்காரர் ஊசியிலிருந்து கண்ணை எடுத்ததே இல்லை.