செதில் தோலும் சொந்தக்காரர்களும்

சனியைத் தொலைத்துவிட்டுப் போகலாம் என்று திருநள்ளாறு வருகிறவர்கள், விடுதியில் அறை கேட்டு நிமிர்ந்தால் எதிரே என் முகம். நெற்றியிலிருந்து கணுக்கால்வரை மீன் செதில்போல உரியும் தோல். முழுக்குப் போடும் முன்பே சனி வந்து வரவேற்கிறதே என்று பின்வாங்கிய குடும்பங்கள் உண்டு. முதலாளி தங்கமான மனிதர். "தம்பி, நீங்க உள்ளாற உக்காந்து ஆன்லைன் புக்கிங் பாருங்க, ஏசி இருக்கு" என்று என்னைக் கௌரவமாக ஒளித்துவைத்தார். எனக்கு வியர்க்காது, சித்திரை வெயிலில் உடம்பு உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். ஆகவே அந்தக் குளுகுளு அவமானத்தை ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் சுரக்குடி. என் தோலுக்குக் காரணம் சொல்லாத வாய் அங்கே கிடையாது. பாலிதீன் பை சுற்றியதுபோல ஒரு படலத்தோடு பிறந்தேனாம். உடனே பாம்பு சாபம் என்றார்கள். முழுகியவர்கள் குளக்கரையில் கழற்றிப் போட்ட துணியை அம்மா கர்ப்பத்தில் மிதித்துவிட்டாள் என்றும் சொன்னார்கள். யார் யாரோ விட்டுப்போன சனியெல்லாம் எனக்கென்றே காத்துக் கிடந்ததாம்!

புதுச்சேரியில் ஒரு தோல் மருத்துவர் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, "சொந்தத்துல கட்டுனீங்களா?"

"ஆமாங்க! கூடப்பொறந்த அக்கா பொண்ணு!" என்றார் அப்பா, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி.

ஒரே குடும்பத்துக் குறை அப்பாவிடமும் அம்மாவிடமும் வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது, இரண்டும் சேர்ந்து எனக்கு வந்துவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். பழைய தோல் சரியாக உதிராமல் அடுக்கடுக்காகத் தடிக்குமாம். யாருக்கும் ஒட்டாது, முழுசாகத் தீரவும் தீராது, ஆயுள் முழுக்கக் களிம்பு தடவ வேண்டியதுதான் என்றார். அப்பா பவ்யமாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், "அவருக்கு ஒண்ணும் தெரியல, எள் தீபம் போடுவோம்" என்றார்.

போன கோடையில் பாரீஸிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் தங்கை. அம்மாவுக்குச் சித்தி, நாத்தனார் இரண்டும் அவரே. எங்கள் வீட்டில் உறவுமுறை சொல்ல ஆரம்பித்தால் மூச்சு வாங்கும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தன் மகனுக்கு என் தங்கையைக் கேட்டு வந்திருந்தார். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் காரைக்காலில் பிரான்ஸ் மாப்பிள்ளை என்றால் ஜாதகம்கூடத் தானாகப் பொருந்தும். எனக்கு ஒரு பெரிய புட்டி களிம்பு கொடுத்தார். வாயை அடைக்கத்தான்.

அடங்குவேனா? மருத்துவர் சொன்னதைத் தங்கையிடம் ஏற்கெனவே விளக்கியிருந்தேன். நிச்சயத்துக்குத் தட்டு மாற்ற உட்கார்ந்தபோது எல்லோர் முன்னும் மறுபடி சொன்னேன். "மறுபடியும் சொந்தமா? ரெண்டு பேரும் டெஸ்ட்டாவது எடுங்க. இன்னொரு புள்ள இப்படிப் பொறக்கணுமா?"

"அதுக்கென்னடா? பொறந்தா அங்க கவர்மெண்டே பாத்துக்கும்" என்றார் அத்தை.

அப்பா எழுந்துவிட்டார். "தனக்கு ஒண்ணு அமையலங்குற வயித்தெரிச்சல். தங்கச்சி வாழ்க்கையில மண்ண அள்ளிப் போடுறான்."

வயிற்றெரிச்சலாம்! தோலே எரிகிறவனுக்கு வயிறு எரிந்தால் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தங்கை பட்டுப்புடவையோடு நடுக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"எனக்கு வேணாம்பா. அண்ணன் மாதிரி ஒரு புள்ள பொறந்துச்சுன்னா என்னால தாங்க முடியாது."

அத்தை தட்டிலிருந்த பூவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் ஜெயித்துவிட்டேன். அவள் சொன்னது அத்தனையும் என் நியாயம்தான், வாசகம்கூட ஏறக்குறைய என்னுடையதுதான். ஆனாலும் அவள் வாயிலிருந்து வந்தபோது பொறுக்கவில்லை. இந்த நோயில் கீழிமை வெளிப்பக்கமாக மடங்கிக் கொள்ளும், கண்ணில் எந்நேரமும் நீர் வடிந்துகொண்டே இருக்கும். அதனால் நான் அழுததை யாரும் கவனிக்கவில்லை.