பெரியவருக்குப் பொண்டாட்டி இல்லையா?

எண்பதுகளின் பின்பாதியில் பாயான் பாருவில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு எடுத்து, இரண்டு நண்பர்களோடு தங்கியிருந்தேன். மூவருக்கும் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை. ஒருவன் யாழ்ப்பாணத்து வழி வந்த குமாஸ்தா குடும்பத்துப் பிள்ளை. சட்டையைக்கூட விதிமுறைப்படி மடிப்பவன். இன்னொருவன் ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுக்குப் போய்வந்தால் எங்களுக்கு மீன் தலைக்கறி நிச்சயம்.

குமாஸ்தா வீட்டுப் பிள்ளையின் அண்ணன் இங்கிலாந்தில் படித்துத் திரும்பியபோது ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். மூடியில் தீ கக்கும் டிராகன். ஒருவன் கதையை நடத்த வேண்டும்; மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக மாறி அந்தக் கதைக்குள் அலைய வேண்டும். கத்தி வீசினால் படுமா, பள்ளத்தைத் தாண்டினால் விழுவோமா என்பதையெல்லாம் பகடை சொல்லும். விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்தவன் குமாஸ்தா வீட்டுப் பிள்ளை ஒருவன்தான் என்பதால் அவன் நடுவர் ஆனான். நாசி கண்டார் வீட்டுப் பிள்ளையை நாங்கள் கடைக்காரன் என்றே கூப்பிடுவோம்; அவன் ஒரு திருடன் ஆனான். நான் அறுபது வயதில் ஒரு போர்வீரனை உருவாக்கினேன். வெள்ளைத் தாடி, முழங்கால் வலி, ஆனால் வாளைத் தூக்கினால் எதிரே நிற்க ஆள் கிடையாது. அவரை நாங்கள் "பெரியவர்" என்றே சொன்னோம்.

எட்டு மாதம் போலப் பெரியவர் நன்றாக வாழ்ந்தார். ஒரு நல்ல வாள், மந்திர மோதிரம், ஒரு கோவேறு கழுதை, பெட்டி நிறையத் தங்கம் எல்லாம் சேர்த்திருந்தார். ஒரு ஞாயிறு மத்தியானம் மலைக்குகையில் டிராகன் வாயைத் திறந்தது. நான் பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது. அதைவிடக் குறைவாக விழ வழியே இல்லை.

நடுவர் புத்தகத்தைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். "பெரியவர் போயிட்டாரு. சாம்பல்தான் மிச்சம்" என்றான்.

"மோதிரம் எனக்கு" என்றான் கடைக்காரன்.

"டே, செத்து அஞ்சு நிமிஷம் ஆகல! அதுக்குள்ள மோதிரமா?" என்றேன்.

"கூடவே இருந்தவன் நான்தானே லா. கடைசி வரைக்கும் நான்தானே அவரு பக்கத்துல நின்னேன்?"

"அவரு சொத்து முழுக்க எனக்குத்தான் வரணும். இத்தன மாசமா அவர வச்சுப் பாத்துக்கிட்டது நானு!" என்று நான் கத்தினேன். அடுத்து நான் உருவாக்கப்போகும் ஆளுக்கு அதெல்லாம் வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

நடுவர் கையை உயர்த்தினான். ஒரு பாத்திரம் உயிரோடு இருக்கும்போதே வாரிசு யாரென்று சொல்லி வைத்திருக்க வேண்டும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு வரி போக மீதி வாரிசுக்கு. சொல்லாமல் செத்தால் எல்லாமே அரசனுக்குத்தான். "உயில் எழுதாமப் போயிட்டாரு. நான் என்ன செய்யிறது?" என்றான்.

அதன்பிறகு மூவரும் ஒரே நேரத்தில் பேசினோம். கழுதை யாருக்கு என்பதில் சத்தம் உச்சத்துக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் வாசல் கம்பிக்கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தார். கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் ஏதோ அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். தினமும் காலையில் பாலத்தைத் தாண்டிப் போகிற பஸ்ஸுக்கு வேகவேகமாக நடப்பதைப் பார்த்திருக்கிறோம், பேசியது குறைவு. அன்று வெளிர்நிறப் புடவையில், தலைமுடியை அப்படியே முடிந்துகொண்டு, ஒரு கையில் பிளாஸ்க்கும் மறுகையில் பிஸ்கட் பொட்டலமுமாக வந்திருந்தார். முகத்தில் அவ்வளவு துக்கம்.

"தம்பி, மனசத் தேத்திக்கிங்க" என்றார். "சாவு வூட்ல அடுப்பு மூட்ட மாட்டீங்கன்னு கோப்பி கலக்கிக் கொண்டாந்தேன். ஆளுங்க வந்து வண்டி நிறுத்த எடம் வேணுமேன்னு எங்கவரு எங்க கெரெத்தாவ அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுட்டாரு."

நான் பிளாஸ்க்கைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பெரிய மனுசன் போயி மூச்சு அடங்கல, அதுக்குள்ள இப்படியா சொத்துக்கு அடிச்சுக்குவாங்க? சத்தம் அந்த ரோட்டு வரைக்கும் கேக்குது."

கடைக்காரன்தான் முதலில் சிரித்தான். அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், சமையலறைப் பக்கம் ஓடினான். நடுவர் மிக மரியாதையாக அக்காவை உள்ளே அழைத்து, மேசையில் கிடந்த தாள்களையும் பகடைகளையும் காட்டி, நடந்ததை விளக்கினான்.

அக்கா சிரிக்கவில்லை. "நான் அடுப்புல வச்ச கொழம்ப எறக்கி வச்சிட்டு, புடவ மாத்திட்டு வந்திருக்கேன்" என்றார். பிறகு வாசலுக்குப் போய், "ஏங்க, யாரும் சாகல, கெரெத்தாவ எடுத்து வைங்க!" என்று கணவரிடம் கத்தினார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தானே கொண்டுவந்த கோப்பியை எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

"செத்தவருக்கு எத்தன வயசு?"

"அறுபது அக்கா" என்றேன்.

"பொண்டாட்டி இல்லையா?"

பெரியவரின் முழங்கால் வலி எந்த முழங்காலில் என்றுகூட எனக்குத் தெரியும். வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று இத்தனை மாதத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"முன்னமே சொல்லேல்ல அக்கா. அதனால அவருக்கு வாரிசு இல்ல" என்றான் நடுவர்.

"அவரு சொல்லலன்னா அவ இல்லாமப் போயிடுவாளா? அந்த மனுசன் பாட்டுக்கு மலை மலையா சுத்துனாரு. அவ வூட்ல ஒக்காந்து வாசலப் பாத்துக்கிட்டு இருந்திருப்பா இல்ல?"

நடுவர் புத்தகத்தைப் புரட்டினான். தடை சொல்ல ஒரு வரிகூட அதில் கிடைக்கவில்லை. "சரி. விதவைக்குச் சேரட்டும்" என்றான். அப்பாடா, இனி அந்த விதவையாக நான் ஆடலாம் என்று தாளை எடுத்தேன். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ செத்தவன் தம்பி. சும்மா இரு. நான் ஆடுறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. நான் சேர்த்த வாளும் மோதிரமும் தங்கமும், வரி போக, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன.

விதவையின் பலம் எவ்வளவு என்று பார்க்கப் பகடை உருட்டினோம். உடம்பில் பலமே இல்லை; வாளை அவளால் தூக்கவே முடியாது. அக்கா அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. அடுத்த ஞாயிறு கழுதையில் ஏறி நேரே டிராகன் குகைக்குப் போனார். வேண்டாம் என்று கடைக்காரன் கெஞ்சினான்.

நடுவர் குரலைக் கனமாக்கி டிராகனாகப் பேசினான். "யாரடி நீ?"

"அடியா? ஒழுங்கா பேசு" என்றார் அக்கா. "நீ எரிச்ச மனுசனோட பொண்டாட்டி நான். அவரோட சாம்பல வாங்க வந்திருக்கேன். கடல்ல கரைக்கணும்."

நடுவர் டிராகனின் தீ எவ்வளவு தூரம் பாயும், வால் எப்படி அடிக்கும் என்றெல்லாம் தயார்செய்து வைத்திருந்தான். சாம்பல் கேட்டு வருகிறவளுக்கு அவனிடம் விதி எதுவும் இல்லை. புத்தகத்தை மூடி வைத்தான். கடைசியில், "உருட்டுங்க அக்கா" என்றான். அக்கா உருட்டினார். இருபது. அந்தப் பகடையில் அதற்கு மேல் எண் இல்லை.

டிராகன் தலையைத் திருப்பிக்கொண்டது. சாம்பலை அள்ள அவருக்கு வழிவிட்டது. அக்கா தன் முந்தானையை விரித்தே காட்டினார். கடைக்காரன் அந்த இடைவெளியில் சத்தமில்லாமல் தங்கத்தை மூட்டை கட்ட, "டே, மொதல்ல அவரு காரியம் ஆகட்டும், அப்பறம் திருடு" என்று அதட்டினார். அவனும் அடங்கினான். காகிதத்தில் வாழ்ந்த ஒரு கிழவனுக்காக எனக்குக் கண் கலங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆட ஒரு பாத்திரம் இல்லாத என் பிரச்சினையையும் அந்த மாலையே அக்கா தீர்த்துவைத்தார். விதவைக்கு ஒரு மகன் உண்டு, தூரதேசத்தில் வேலை பார்க்கிறான், அப்பா செத்த செய்தி கேட்டுத் திரும்பி வருகிறான். அந்த மகன் நான்தான். நடுவர் ஒத்துக்கொண்டான். வாள் எனக்குக் கிடைத்தது, ஆனால் அதை எங்கே வீசுவது, எப்போது உறையில் போடுவது எல்லாம் அம்மாவின் உத்தரவு. "முன்னால போ, ஆனா ரொம்ப முன்னால போகாத" என்பது அவருடைய போர்த்தந்திரம். அதை மீறிய ஒவ்வொரு முறையும் நான் அடிபட்டேன்.

நடுவருக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல் வரும்வரை, ஞாயிறு தவறாமல் ஆடினோம். மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றாலும் அக்கா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்.

இடையில் வந்த ஒரு தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியில், ஒரு பந்தலில் அக்கா மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பக்கத்திலிருந்த தன் தங்கையை இழுத்து, "இந்தத் தம்பியச் சொன்னேன்ல? போன வருசம் செத்துப்போச்சு. இப்ப என் மவன்" என்றார். தங்கை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தையும் கேட்காமல், குவளை வழிய வழிய எனக்கு மோர் ஊற்றினார்.